உலர்களத்தில் ரிங் ஆட்டம்: நாங்கள் கற்றுக்கொண்டது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் விளையாட்டுக் குழுப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு பத்திப் பேசினாங்க, வங்கிக் கடன் பத்திப் பேசினாங்க, சாமையும் தேனும் புளியும் விற்கிற கணக்கைச் சொன்னாங்க. என்னைப் பேசச் சொன்னது விளையாட்டு பத்தி. "ரிங் ஆட்டத்தைப் பத்தி பத்து நிமிஷம் என்னம்மா பேசப் போற?"ன்னு வீட்டுல சிரிச்சாங்க. எழுதி முடிச்சப்புறம் பார்த்தா பத்து நிமிஷம் போதாதுன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நாங்க ஆடறது வளையப்பந்து. டென்னிகாய்ட்னு புத்தகத்துல இருக்கும். நம்மள்ல பள்ளிக்கூடம் போனவங்க எல்லாரும் அதை ரிங்னுதான் சொல்லியிருப்போம். உண்டு உறைவிடப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குச் சாயங்காலம் ஆனா கையில ரிங் இருக்கும். எட்டாவதோ பத்தாவதோ முடிச்சு, கல்யாணம் ஆகி, கையில குழந்தை வந்தப்புறம் அந்த ரிங்கை யாரும் தொட்டதில்ல. நானும்தான். பதினெட்டு வருஷம் தொடல.

இந்த ஆட்டத்தை வெளிநாட்டுல டெக் டென்னிஸ்னும் சொல்றாங்க. டெக்குன்னா கப்பலோட மேல்தளம். மாசக்கணக்கா கடல்ல போறவங்க அந்தத் தளத்துல ஆடின ஆட்டம். பந்து அடிச்சா கடல்ல போய் விழும். அதனால பந்துக்குப் பதிலா வளையம், மட்டைக்குப் பதிலா கை. அப்படியே கரைக்கு வந்து, ஜெர்மனியில, தென்னாப்பிரிக்காவுல, நம்ம நாட்டுல எல்லாம் பரவிச்சு. ஒலிம்பிக்ல இது இல்ல. ஆனா உலகப் போட்டி இருக்கு. முதல் உலகப் போட்டி 2006-ல நடந்தது எங்க தெரியுமா? நம்ம சென்னையில. அடுத்தது 2010-ல ஜெர்மனியில கோப்லென்ஸ் ஊர்ல நடந்துச்சு.

இன்னொரு சங்கதியும் படிச்சேன். அமெரிக்காவுல நியூயார்க் பக்கம் ஸ்கார்ஸ்டேல்னு ஒரு ஊர். அங்க பனிக்காலத்துல தரையெல்லாம் பனி மூடிக்கும், டென்னிஸ் ஆட முடியாது. 1928-ல ரெண்டு நண்பர்கள் சேர்ந்து மரப்பலகையில ஒரு தளம் போட்டு, அது மேல ஆட ஆரம்பிச்சாங்க. சின்ன இடம், சுத்தி கம்பிவலை. அதுக்குப் பேரே பிளாட்ஃபார்ம் டென்னிஸ். இப்பவும் குளிர்காலத்துல அக்கம்பக்கத்துக்காரங்க அணி சேர்ந்து அதை ஆடறாங்க.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவங்களுக்கு மட்டம் இல்லாத குறைக்குப் பலகைத்தளம். நம்ம மலையில மட்டமான இடத்துக்கு எங்க போறது? வீட்டு வாசல் சரிவு, கொல்லை சரிவு, பாதை சரிவு. ஊருக்கு ஊர் சமமா இருக்கிற ஒரே இடம் சாமை காயப்போடற சிமெண்டு உலர்களம். அதுதான் நம்ம கப்பல் தளம், அதுதான் நம்ம பலகைத்தளம்.

ஆரம்பிச்ச கதையைச் சொல்றேன். ஒரு நாள் குழுக் கூட்டம் முடிஞ்சு களத்துல உட்கார்ந்திருந்தோம். பள்ளி லீவுல வந்த ஒரு பொண்ணு ரிங் கொண்டாந்திருந்தா. எங்க குழுவுல ஒரு அக்கா அதை வாங்கிச் சும்மா எறிஞ்சாங்க. எதிர்ல இருந்தவங்க பிடிச்சாங்க. அரை மணி நேரம் யாரும் வீட்டுக்குக் கிளம்பல. அவ்வளவு சிரிப்பை எங்க குழுக் கூட்டத்துல நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. அடுத்த வாரம் ரெண்டு கம்பு நட்டு, நடுவுல ஒரு பழைய சேலையைக் கட்டி வலையாக்கினோம். சேலை மறைச்சதால எதிர்ப்பக்கம் யார் எங்க நிக்கிறாங்கன்னே தெரியல. வளையம் திடீர்னு தலைக்கு மேல வரும், எல்லாரும் அலறுவோம். அது ஒரு ஆட்டம்!

இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க் குழு வந்தாங்க. அப்புறம் எட்டு அணி ஆச்சு. அணின்னு ஆனதும் சட்டம் வேணும், கணக்கு வேணும், சண்டை வந்தா தீர்க்க ஆள் வேணும். அங்கதான் நாங்க பாடம் படிச்சோம். உங்க ஊராட்சியிலயும் ஆரம்பிக்கணும்னு கேக்கறீங்க. அதனால நாங்க செஞ்ச தப்பையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல் தப்பு, காலம் பார்க்காம ஆரம்பிச்சது. முதல் வருஷம் ஐப்பசியில தொடங்கினோம். மழை ஒரு பக்கம், சீக்கிரம் இருட்டறது ஒரு பக்கம். களம் முழுக்கச் சாமை. அதுக்கப்புறம் கார்த்திகையில பாதிப் பேர் குடும்பத்தோட காபித் தோட்ட வேலைக்குக் கிளம்பிட்டாங்க. எட்டு அணியில மூணுதான் மிஞ்சிச்சு. மாசி, பங்குனிக்குத் தள்ளி வைக்கலாம்னா அப்போ புளி உலுக்கற நேரம். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து மாசம் மாசமா யார் எங்க இருப்பாங்கன்னு எழுதினோம். வெளியூர் போனவங்க திரும்பி வந்து, ஆனியில உழவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற சித்திரையும் வைகாசியும்தான் நமக்குச் சரின்னு தெரிஞ்சுது. கீழ போளூர்ல வெயில் கொளுத்தும்போதும் மலையில சாயங்காலம் காத்து வரும். ஆட்டத்துக்குத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஊர் வேலைக் கணக்கைப் பாருங்க.

கணக்கு எளிசு. எட்டு அணி, ஒவ்வொரு அணியும் மத்த ஏழு அணியோட ஒரு தடவை ஆடணும். மொத்தம் 28 ஆட்டம். ஞாயித்துக்கிழமைக்கு 4 ஆட்டம், ஏழு ஞாயிறுல முடிஞ்சிடும். எட்டாவது ஞாயிறு முதல் நாலு அணிக்கு அரையிறுதி. ஒன்பதாவது ஞாயிறு இறுதி ஆட்டம். மூணு மணிக்கு ஆரம்பிச்சா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டலாம்.

முறையான ஆட்டத்துல ஒரு செட்டுக்கு 21 புள்ளி. நமக்கு நேரம் பத்தாதுன்னு 15 ஆக்கிக்கிட்டோம். மூணு செட். அணிக்கு நாலு பேர். முதல் செட்டுல ரெண்டு பேர், ரெண்டாவது செட்டுல மத்த ரெண்டு பேர், மூணாவதுக்கு யார் வேணும்னாலும். நல்லா ஆடறவங்க ரெண்டு பேரே எல்லா செட்டும் ஆடி, மத்தவங்க தண்ணி கொடுக்கிற வேலை பார்க்கக் கூடாதுங்கறதுக்காக இந்த ஏற்பாடு. நாலு பேர்ல ஒருத்தராவது நாப்பது வயசு தாண்டினவங்களா இருக்கணும்னு ஒரு விதி வெச்சோம். முதல்ல அதை எதிர்த்த அணிங்கதான் இப்ப அத்தைங்களைத் தேடிப் போய் அழைக்கிறாங்க.

ஏன்னா இந்த ஆட்டத்துல பலம் பெருசா வேலை செய்யாது. வளையத்தை ஒரு கையால பிடிக்கணும், பிடிச்ச கையாலயே உடனே எறியணும். மேலிருந்து கீழ அடிச்சு எறியக் கூடாது. வலைக்கு ரெண்டு பக்கமும் மூணு அடி நடுப்பகுதி இருக்கு, அதுல விழுந்தா எறிஞ்சவங்களுக்குப் புள்ளி போச்சு. அதனால எதிராளி இல்லாத இடம் பார்த்துப் போடறவங்கதான் ஜெயிப்பாங்க. வயசான கண்ணுக்கு அது நல்லாத் தெரியுது.

ஜெயிச்சா 2 புள்ளி, தோத்தா 1 புள்ளி, வராம போனா சைபர். தோத்தவங்களுக்கு எதுக்குப் புள்ளின்னு கேட்டாங்க. ரெண்டு ஆட்டம் தோத்ததும் "எப்படியும் நாம ஜெயிக்கப் போறதில்ல"ன்னு அணி நின்னுடும். வந்ததுக்கே ஒரு புள்ளின்னா வருவாங்க. குழுவுல கூட்டத்துக்கு வர்றதுதான் முதல் விதி. இங்கயும் அப்படித்தான்.

பணக் கணக்கையும் சொல்லிடறேன். கூட்டமைப்புப் பணத்துல ஒரு ரூபாய் எடுக்கல. அணிக்கு 200 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் வந்துச்சு. வலை 600, ரிங் நாலு 600, கோடு போடச் சுண்ணாம்புத்தூள் 80, பஞ்சு, மருந்து, கட்டுத்துணி 120. ஆக 1,400. மீதி 200 அடுத்த வருஷத்துக்கு. ஒவ்வொரு ஞாயிறும் கணக்கைப் படிச்சுக் கையெழுத்து வாங்கினோம். சிமெண்டு களத்துல கம்பு நட முடியாது, குழி தோண்டினா களம் வீணாகும். பழைய லாரி டயர் ரெண்டுல கான்கிரீட் ஊத்தி, நடுவுல குழாய் நிறுத்தி வெச்சிருக்கோம். உருட்டிட்டுப் போகலாம், உருட்டிட்டு வரலாம். ரெண்டு பேர் ஜோடியா ஆடறதுக்கு 40 அடி நீளம், 18 அடி அகலம் இருந்தா போதும். களத்தைக் கட்டாயம் பெருக்கணும். உமி கிடந்தா வழுக்கும். ஒரு அத்தைக்கு மணிக்கட்டு பிசகி மூணு வாரம் கட்டுப் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் விளக்குமாறு நம்ம விளையாட்டுச் சாமான்ல சேர்ந்துச்சு.

களத்துக்கு ஒரு சட்டம் உண்டு: தானியம் முதல்ல, ஆட்டம் அப்புறம். யாராவது காயப்போட்டிருந்தா, அள்ளச் சொல்லி யாரும் கேக்கக் கூடாது. நாம சேர்ந்து அள்ளிக் கொடுக்கலாம், இல்லன்னா அன்னிக்கு ஆட்டம் கிடையாது. களம் விளையாட்டுக்காகக் கட்டினது இல்ல. இதை மறந்தா ஊர் நமக்கு எதிரா திரும்பிடும்.

ஊர்னதும் ஞாபகம் வருது. கேலி பேசாதவங்க இல்ல. "கிழவிங்களுக்கு என்ன ஆட்டம்?"னு டீக்கடையில உட்கார்ந்து ஒருத்தர் சத்தமா கேட்டார். எங்க அணி அத்தை திரும்பிப் பார்த்து, "காட்டுல கடுக்காய் பொறுக்கிச் சுமந்துட்டு வந்தப்போ யாரும் கிழவின்னு சொல்லலியே, ரிங் புடிச்சா மட்டும் கிழவியா?"ன்னாங்க. அப்புறம் அந்தக் கடையில கேலி குறைஞ்சு போச்சு. என்ன உடுத்தறதுன்னும் ஒரு பேச்சு வந்துச்சு. சேலையோ சுடிதாரோ உங்க விருப்பம்னு விட்டுட்டோம். களை எடுக்கப் போகும்போது சேலையை எப்படி ஏத்திச் சொருகுவோமோ, அப்படிச் சொருகிக்கிட்டா போதும்.

இப்ப நான் செஞ்ச பெரிய தப்பைச் சொல்லணும். சம்பந்தப்பட்ட தங்கச்சிகிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் சொல்றேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது வருஷம். ஒரு அணியில அந்தத் தங்கச்சி ஆடினாங்க. அவங்க கை வளையத்தைப் பிடிக்கிறது தெரியாது, போறதுதான் தெரியும். அவங்க குழுவுல மூணு மாசத் தவணை நின்னிருந்துச்சு. வேலைக்குப் போன வீட்டுக்காரர்கிட்டேர்ந்து பணம் வரல. கூட்டத்துக்கும் சரியா வர்றதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை களத்துக்கு வந்துடுவாங்க. அவங்க குழுவுல சிலபேர் என்கிட்ட, "கடன் கட்ட வரமாட்டா, ஆட மட்டும் வருவாளா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நான் பொறுப்பாளர் இல்லையா? ஒரு ஞாயிறு, எட்டு அணியும் நிக்கிறப்போ, "முதல்ல தவணையைக் கட்டு, அப்புறம் ரிங்கைப் புடி"ன்னு சொல்லிட்டேன்.

அவங்க ஒரு வார்த்தை பேசல. கையில இருந்த ரிங்கைக் கீழ வெச்சிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு ஆட்டம் நடந்துச்சு, ஆனா யாரும் சிரிக்கல.

அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரல. அதுக்கடுத்ததுக்கும் வரல. அவங்க அணி மத்த மூணு பேரும் நின்னுட்டாங்க. ஒருத்தருக்கு வெச்ச சொல்லு நாலு பேரை விரட்டிச்சு. தவணையும் வரல. நான் நினைச்சது ஒண்ணுகூட நடக்கல.

மூணாவது வாரம் அவங்க வீட்டுக்குப் போனேன். திண்ணையில உட்கார்ந்து சாமை புடைச்சிட்டிருந்தாங்க. "வாங்கக்கா"ன்னாங்க, தண்ணி கொடுத்தாங்க, முறத்தை வெக்கல. ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னாங்க: "குழுவுல நான் கடன்காரி. வீட்டுல மாமியாருக்கு நான் புருஷனைத் தொலைச்சவ. கடையில நான் பாக்கி வெச்சவ. அந்தக் களத்துல மட்டும்தான்கா நான் நல்லா ஆடறவ. அதையும் எடுத்துட்டீங்களே."

எனக்குப் பதில் வரல. நானும் ஒரு முறம் வாங்கிப் புடைச்சேன். போகும்போது, "தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

கேட்டேன். களத்துல நின்னு கேட்டேன். கேக்கறதுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரல. கூட்டமைப்புக்கு மரியாதை போயிடும்னு பயந்தேன். போகல. அன்னிக்கு ஒரு அக்கா சொன்னாங்க, "தப்புன்னா தலைமையும் சொல்லும்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்"னு.

அந்த மாசக் கூட்டத்துல தீர்மானம் எழுதினோம். ஒண்ணு, கடனையும் ஆட்டத்தையும் கலக்கக் கூடாது. ரெண்டு, தவணை நின்னவங்க பேரை அவங்க குழுக் கூட்டத்தைத் தவிர வேற எங்கயும் சொல்லக் கூடாது. களத்துல, கடையில, பஸ்ல எங்கயும். மூணு, ஒருத்தர் ரெண்டு கூட்டம் வராம போனா, ஊக்குநர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். பணம் கேக்கறதுக்காக இல்ல, என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்காக.

அந்தத் தங்கச்சி திரும்பி வந்தாங்க. முதல்ல களத்துக்கு, அப்புறம் கூட்டத்துக்கு. களத்துக்கு வந்ததாலதான் கூட்டத்துக்கும் வந்தாங்க. களத்தை நான் மூடியிருந்தா ரெண்டு கதவும் மூடியிருக்கும். கடன் என்ன ஆச்சுன்னு நீங்க கேப்பீங்க. அது அவங்க குழு விஷயம். நான் சொல்ல மாட்டேன். நாங்களே போட்ட தீர்மானம் இருக்கு இல்ல?

பஞ்சசூத்திரம்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பம், முறையான கணக்கு. 1989-ல தர்மபுரியில மகளிர் குழு ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து எத்தனையோ பேர் கட்டிக் காப்பாத்தின விஷயம் இது. அதைக் குறைச்சுச் சொல்ல நான் வரல. நாம ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறது பூரா பணம் கொடுக்கல் வாங்கல்ல மட்டும்னா, பணம் நின்ன அன்னிக்கு முகமும் நின்னுடும். பணம் இல்லாம பார்த்துக்கிறதுக்கும் வாரத்துல ஒரு இடம் வேணும். எங்களுக்கு அது ரிங். உங்களுக்கு அது கோலாட்டமா இருக்கலாம், கும்மியா இருக்கலாம், கபடியா இருக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பணப் பரிசு வெக்காதீங்க. கொடுக்கறேன்னு சொல்லி ஆள் வருவாங்க. பணம் வந்தா வெளியூர் ஆட்டக்காரங்க வருவாங்க, நாப்பது வயசு அத்தை வெளிய போவாங்க, கோட்டுக்குள்ள விழுந்ததா வெளிய விழுந்ததான்னு சண்டை வரும். எங்களுக்கும் அந்தச் சண்டை உண்டு. பார்த்தவங்க ஒத்துப்போகலைன்னா அந்தப் புள்ளியை மறுபடி ஆடுன்னு விதி. அதோட முடிஞ்சிடும். பரிசு ஒரு பித்தளைச் சொம்பு. ஒரு பாட்டி கொடுத்தது. ஜெயிச்ச அணி வீட்டுல ஒரு வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் புளி போட்டுத் துலக்கிக் கொண்டாந்து கொடுக்கணும். இறுதி ஆட்டம் முடிஞ்சதும் எட்டு அணியும் சேர்ந்து களத்து ஓரத்துல சாமைப் பாயசம் காய்ச்சுவோம். ஜெயிச்சவங்க பரிமாறணும், தோத்தவங்க முதல்ல சாப்பிடணும்.

இந்தச் சித்திரையில புதுசா சேரணும்னு நினைக்கிற குழுக்கள் பங்குனிக் கூட்டத்துக்குள்ள நாலு பேர் பெயர் எழுதிக் கொடுங்க. ரிங் இல்லன்னா நாங்க ஒண்ணு தர்றோம். ஆடத் தெரியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். கை மறந்திருக்கும், ஒரு சாயங்காலத்துல ஞாபகம் வந்துடும். எனக்குப் பதினெட்டு வருஷம் கழிச்சு வந்துச்சு.

போன ஞாயிறு அந்தத் தங்கச்சியோட அணிகிட்ட எங்க அணி தோத்துப் போச்சு. கடைசிப் புள்ளி நான் பிடிக்காம விட்டது. எங்களுக்கு 1 புள்ளி எழுதியாச்சு. பாத்திரம் அவங்க வீட்டுத் திண்ணையில இருக்கு. அடுத்த வருஷம் வாங்கிக்கிறோம்.